நோட்புக் எல்எம்: கேஸ் கட்டுக்குக் கெட்டி, சட்டத்துக்கு நம்பாதீர்கள்

கூகுளின் நோட்புக் எல்எம் வக்கீல் ஆபீஸுக்கென்று செய்யப்பட்டதல்ல. ஆனாலும் இலவசமாகக் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் ஜூனியர் வக்கீலுக்கும் சட்டக் கல்லூரி மாணவருக்கும் அதிகம் உதவுவது இதுதான். நாம் ஏற்றிய ஆவணங்களிலிருந்து பதில் எடுக்கிறது, பதிலுக்குள் எண் போடுகிறது, எண்ணை அழுத்தினால் மூலப் பத்தியைத் திறந்து காட்டுகிறது. 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து தந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல் தரப்புக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்ததே, அந்த வகை விபத்து இதில் குறைவு. வேறு வகை விபத்துகள் உண்டு.

இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்குக்கு 50 ஆவணங்கள், ஒவ்வொன்றிலும் 5 லட்சம் சொற்கள் வரை ஏற்றலாம். திரும்பி வந்த காசோலைக்காகப் போடும் செக் கேஸுக்கு இதில் கால்வாசிகூடத் தேவைப்படாது. ஆனால் மொத்தக் கட்டையும் ஒரே பிடிஎஃப்பாக ஸ்கேன் செய்து தள்ளிவிடாதீர்கள். புகார் மனு, செக், ரிட்டர்ன் மெமோ (செக்கைத் திருப்பும்போது வங்கி தரும் சீட்டு), நோட்டீஸ், தபால் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு, பதில் நோட்டீஸ், அ.சா.1 (புகார் தரப்பின் முதல் சாட்சி) சாட்சியம் என்று தனித்தனிக் கோப்பாகப் பிரித்து, பெயரிலேயே தேதியைப் போட்டு ஏற்றுங்கள். பட்டியலில் டிக் எடுத்துவிட்டால் அந்த ஆவணத்தைத் தொடாமல் பதில் சொல்லும். முதல் விசாரணையையும் குறுக்கு விசாரணையையும் மட்டும் டிக் செய்து முரண்பாடுகளைக் கேட்டால், இறுதி வாதத் தயாரிப்பில் ஒரு மாலை மிச்சம்.

தமிழ் ஆவணங்களில்தான் முதல் சிக்கல். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பிடிஎஃப்கள் திரையில் அழகான தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குப்பை. கருவி படிப்பது அந்தக் குப்பையை. ஏற்றும் முன் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் வரவில்லையென்றால் பக்கத்தைப் படமாக மாற்றி, கூகுள் டிரைவில் போட்டு, கூகுள் டாக்ஸில் திறந்தால் யூனிகோட் எழுத்து கிடைக்கும். அதையும் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் சொத்தே மாறிவிடும். கையால் எழுதிய வாக்குமூலங்களை நீங்களே தட்டச்சு செய்வது நல்லது.

அடுத்தது தேதிக் கணக்கு. செக் கேஸுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இல் உயிர்நாடியே அதுதான். இதைச் சோதிக்க ஒரு நல்ல வினாத்தாள் உச்ச நீதிமன்றத்தின் சாகேத் இந்தியா தீர்ப்பிலேயே இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த நாள் 29-9-1995. அந்த நாளைக் கழித்து, பணம் கட்டுவதற்கான 15 நாளை எண்ணினால் 14-10 அன்று கெடு முடிகிறது. 15-10 அன்று வழக்கு மூலம் (வழக்குப் போடும் உரிமை) எழுகிறது. அந்த நாளையும் கழித்து, புகார் தாக்கல் செய்வதற்கான ஒரு மாதத்தை எண்ணினால் கடைசி நாள் 15-11. மாதத்தை 30 நாள் என்று எடுத்துக்கொண்டால் 14-11 என்று வரும். ஒரு நாள் பிசகு. ஆகவே விடையை மட்டும் கேட்காமல், எந்த நாளைச் சேர்த்தது, எந்த நாளை விட்டது என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு மங்கலாக இருந்தால் கருவி நோட்டீஸ் அனுப்பிய தேதியையே கிடைத்த தேதியாக எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

இதைவிடப் பெரிய பள்ளம், ஏற்றாத சட்டம். செக் கேஸை எந்த ஊரில் போடுவது என்று கேட்டு 2014-இன் தஷ்ரத் ரூப்சிங் ரத்தோட் தீர்ப்பை மட்டும் கொடுத்தால், செக்கை மறுத்த வங்கிக் கிளை இருக்கும் ஊர் என்று சுத்தமான மேற்கோளோடு சொல்லும். 2015 திருத்தம் அதை மாற்றி, கணக்கு மூலம் வசூலுக்குப் போட்ட செக்குக்கு, பணம் பெறுபவரின் கணக்குள்ள கிளைதான் என்று ஆக்கிவிட்டது. மேற்கோள் சரி, சட்டம் தப்பு. தீர்ப்பு இன்றும் நிற்கிறதா என்பதை வேறிடத்தில்தான் பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்ற 2017 புட்டசாமி தீர்ப்பில் ஆறு தனித்தனிக் கருத்துரைகள். “நீதிமன்றம் சொன்னது” என்று கருவி தரும் வரி எந்த நீதிபதியுடையது, வக்கீல் வாதமா, மேற்கோள் காட்டிய பழைய தீர்ப்பா என்று எண்ணை அழுத்திப் பாருங்கள். இ-எஸ்சிஆர் (உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் இணையத் தொகுப்பு) பிரதியின் ஹெட்நோட்டிலிருந்தும், அதாவது தீர்ப்புக்கு மேலே தொகுப்பாளர் தரும் சுருக்கத்திலிருந்தும், வரி எடுக்கும். ஹெட்நோட் தீர்ப்பின் பகுதியல்ல. இரண்டாவது, பழைய, புதிய சட்டங்களை ஒரே நோட்புக்கில் கலக்காதீர்கள். “பிரிவு 482” என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்-இல் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் இப்போது 528. வைவாவில் மாட்டிக்கொள்ள இது ஒன்றே போதும்.

கட்சிக்காரர் ரகசியம் பற்றி ஒன்று. புதிய சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏ-வின் பிரிவு 132 வக்கீலின் வாயைக் கட்டுகிறது. ஏற்றிய கோப்புக்கு விலக்கு இல்லை. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் கீழமை நீதிமன்றங்களுக்கு வகுத்த கொள்கையும், அங்கீகரிக்காத கிளவுட் கருவிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. போக்சோ, குடும்ப நல வழக்குகளை ஏற்றவே வேண்டாம். மற்றவற்றில் பெயர், ஆதார், கணக்கு எண்களை அழித்துவிட்டு ஏற்றுங்கள். தனிப்பட்ட கணக்கில் பதிலுக்குக் கீழே உள்ள கட்டைவிரல் பொத்தானை அழுத்தாதீர்கள்; கருத்து அனுப்பினால் உங்கள் கேள்வியையும் கோப்பையும் கூகுளின் ஆட்கள் பார்க்கக்கூடும்.