‘ரூமர்ஸ்’: மறுபடி கேட்டதில் மார்க் மாறிவிட்டது

ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் ‘ரூமர்ஸ்’ ஆல்பம் (1977) கல்லூரி நாட்களில் என்னிடம் கேசட்டாக இருந்தது. நாடா அடிக்கடி சிக்கும். பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றியே பாதிப் பாட்டு மனப்பாடம். போன வாரம் நல்ல ஹெட்ஃபோனில் முழுசாகக் கேட்டேன்.

அப்போது நான் ‘டோன்ட் ஸ்டாப்’ பாட்டின் கட்சி. இப்போது அது கொஞ்சம் சலிக்கிறது. ‘தி செயின்’தான் ஆளை உட்கார வைக்கிறது. மூன்று நிமிடம் தாண்டியதும் எல்லாம் அடங்கி, ஜான் மெக்வியின் பேஸ் கிதார் மட்டும் தனியாக இறங்கி வரும். கேசட்டில் அது வெறும் உறுமல். இப்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறது. ஆல்பத்தில், எழுதியவர்களாகக் குழுவின் ஐந்து பேர் பெயரும் சேர்ந்து வரும் ஒரே பாட்டும் இதுதான். இத்தனைக்கும் குழுவில் இருந்த ஜான், கிறிஸ்டின் மெக்வி தம்பதி பிரிந்துகொண்டிருந்தார்கள். குழுவின் இன்னொரு ஜோடி, லிண்ட்சே பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ் உறவும் முறிந்திருந்தது. பிரிந்தவர்களே ஒருவரையொருவர் திட்டும் பாட்டுக்குப் பின்குரல் கொடுப்பதென்றால் சும்மாவா?

‘செகண்ட் ஹேண்ட் நியூஸ்’ தாளத்தில் டப்டப்பென்று வருவது, பக்கிங்ஹாம் நாற்காலி இருக்கையைத் தட்டிய சத்தம். தெரிந்த பிறகு அதைத்தான் காது தேடுகிறது.

ஒரு குறை. ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’ நீளம் என்று ஆல்பத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் வந்த ‘ஐ டோன்ட் வான்ட் டு நோ’ சுமார்தான். அதற்கு அரை மார்க் போச்சு.

அன்று பத்துக்கு ஏழரை போட்டிருந்தேன். இப்போது ஒன்பதரை. ‘சாங்பேர்ட்’ மட்டும் இரவில், விளக்கணைத்துக் கேளுங்கள்.