குரல் போயிடுச்சுன்னு வாய்ஸ் தெரபி எடுத்தேன், என் அனுபவம்

நான் டீச்சர், தினம் அஞ்சாறு பீரியட் பேசியே ஆகணும். சளி பிடிச்சு தொண்டை கட்டிக்கிச்சு, சளி ஒரு வாரத்துல போயிடுச்சு ஆனா குரல் மட்டும் திரும்பல, காலைல கரகரன்னு இருக்கும் சாயங்காலம் வாயத் தொறந்தா வெறும் காத்துதான். மிட்டாய் சப்புறது, வாய் கொப்புளிக்கிறதுன்னு அஞ்சு வாரத்த ஓட்டிட்டேன், அது தப்பு. சாதாரணமா கட்டுன தொண்டை ரெண்டு மூணு வாரத்துல தானா சரியாகிடும், பெரும்பாலும் வைரஸ்ங்கிறதால ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது. ஆனா நாலு வாரம் தாண்டிட்டா கேமரா வெச்சுப் பாத்தே ஆகணும்னு காது மூக்கு தொண்டை டாக்டர் சொன்னார். சிகரெட் பிடிக்கிறவங்க, கழுத்துல கட்டி இருக்கறவங்க, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்படுறவங்க, இருமினா ரத்தம் வர்றவங்க அவ்ளோ நாள்கூட காத்திருக்கக் கூடாதாம்.

மூக்கு வழியா மெல்லிசா ஒரு ட்யூப், கூசுச்சே தவிர வலிக்கல. "ஈஈ சொல்லுங்க"ன்னார். ஸ்க்ரீன்ல வெள்ளையா ரெண்டு நாடா, அதான் குரல்நாண், வந்து சேருது, ஆனா முழுசா சேரல, ரெண்டுலயும் எதிரெதிரா சின்னதா ஒரு புடைப்பு முட்டிக்கிட்டு நிக்குது, அதுக்கு மேலயும் கீழயும் இடைவெளி. அது வழியாத்தான் காத்து லீக் ஆகுது. மம்பட்டி பிடிச்ச கைல காய்ப்பு காய்க்கிற மாதிரிதான் இதுவும், பேசும்போது ஒரு செகண்டுக்கு நூறு இருநூறு தடவ மோதுற எடம் அது. இதுக்கு எடுத்த உடனே ஆபரேஷன் கிடையாது, வாய்ஸ் தெரபிதான், அதாவது குரலுக்கான பயிற்சி.

தெரபிஸ்ட் முதல் நாளே ரெண்டு விஷயத்த நிறுத்தச் சொன்னாங்க. ஒண்ணு செருமுறது, ஒவ்வொரு செருமலும் ரெண்டு நாணையும் படார்னு அடிக்குதாம், அதுக்குப் பதிலா ஒரு மடக்கு தண்ணி. இன்னொண்ணு குசுகுசுன்னு பேசறது, நான் குரலுக்கு ரெஸ்ட்னு நெனச்சு அதத்தான் நாள் பூரா பண்ணிட்டிருந்தேன், நெறைய பேருக்கு அதுலயும் தொண்டை இறுகிக்குமாம். அப்புறம் தண்ணி நெறைய குடிக்கணும், ஆனா குடிக்கிற தண்ணி குரல்நாண்ல நேரா படாது, பட்டா பொறை ஏறிடும்ல, உடம்புல சேந்து மெதுவாத்தான் ஈரமாக்கும். நேரா போய்ப் படுறது ஆவிதான்.

பயிற்சில எனக்குப் பிடிச்சது ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணில ஸ்ட்ராவ விட்டு "ஊஊ"ன்னு ஊதணும், குமிழி ஒரே சீரா வரணும். உதடும் கன்னமும் கிர்ருனு அதிரும், தொண்டைல பாரமே தெரியாது. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு தடவ, வீட்ல தினமும் கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவ. நாலாவது வாரம் கடைசி பெஞ்சுல இருந்த பொண்ணு "மிஸ் இன்னிக்கு நல்லா கேக்குது"ன்னா, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ரெண்டாவது தடவ கேமரால பாத்தப்ப புடைப்பு பாதிக்கு மேல அமுங்கியிருந்துச்சு, இப்ப க்ளாஸ்ல மைக் இல்லாம பேசறதில்ல.

குறைன்னா நடுவுல ரெண்டு செஷன் வீடியோ கால்ல வெச்சாங்க, சவுண்ட் விட்டு விட்டு வந்துச்சு, நான் தொண்டைய இறுக்குறது அவங்களுக்கு சரியாத் தெரியல. முடிஞ்சவரைக்கும் நேர்லயே போங்க, போறதுக்கு முன்னாடி கேமரா டெஸ்ட் ரிப்போர்ட்ட கைல வெச்சுக்கோங்க.