அம்மாவின் கடையை மூன்று தடவை இடம் மாற்றிய கதை

அம்மா அதைக் ‘கடை’ என்றுதான் சொல்வார். விற்பதற்கு ஒன்றுமில்லை, வெறும் சமையல் குறிப்புகள். அவருடைய கோடு போட்ட நோட்டைப் பார்த்து 2013இல் நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்த வேர்ட்பிரஸ் தளம். அது திறக்காத நாளில் மதுரையிலிருந்து போன் வரும்: “என்னடா, கடை சாத்தியிருக்கு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தளத்தை வைக்கத் தங்கள் கணினியில் (சர்வர்) வாடகைக்கு இடம் தரும் நாலு ஹோஸ்டிங் நிறுவனங்களைப் பார்த்துவிட்டேன். பெயர் சொல்லப்போவதில்லை. முதல் நிறுவனத்தை நண்பர்களிடம் நானே வாயாரப் புகழ்ந்து, மூன்று பேரை வாங்கவும் வைத்தேன். பிறகு அது வேறு கைக்கு மாறியது. பெயர்ப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, ‘சிறந்த பத்து ஹோஸ்டிங்’ பட்டியல்கள் பலவற்றில் ஒவ்வொரு சுட்டிக்குப் பின்னாலும் கமிஷன் இருக்கிறது. அதனால் பெயரை விட்டுவிட்டு, எங்கே அடிபட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் அடி 2016 தீபாவளி. சமையல் தளத்துக்குக் கூட்டம் இரண்டு அலையாக வரும். அதிரசத்துக்கு மாவு ஊற வேண்டும் என்பதால் பாகுப் பதம் தேடுகிறவர்கள் நாலைந்து நாள் முன்பே வந்துவிடுவார்கள். லேகியம் தேடுகிறவர்கள் முந்தின நாள் ராத்திரி வருவார்கள். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ‘508, வள வரம்பு எட்டப்பட்டது’ என்று திரை வெள்ளையாகிவிட்டது. ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் நம்முடைய கணக்குக்கு ஒரே நேரத்தில் இத்தனை பிஎச்பி (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்) கோரிக்கைதான் என்று ஒரு எண் இருக்கும். என்னுடையதில் 20. ‘அளவில்லா டிராஃபிக்’ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தவர்கள் இந்த இருபதைப் பற்றி எங்கேயும் மூச்சு விடவில்லை. சப்போர்ட் சாட்டில் வந்தவர் பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொன்னால் பாதித் தப்பு என்னுடையது. ஒரு தடவை தயாரித்த பக்கத்தை எடுத்துவைத்துத் தரும் கேஷ் பிளகின் (துணை நிரல்) போடவில்லை. ஒவ்வொருவர் வரும்போதும் பக்கத்தை முதலிலிருந்து சமைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தது சர்வர். கேமராவிலிருந்து வந்த 4 எம்பி படங்களை அப்படியே ஏற்றியிருந்தேன். அந்தப் பிளகினைப் போட்டாலே போதும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர்களிடமே இருந்திருப்பேன். யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது நிறுவனத்துக்கு விலையைப் பார்த்துப் போனேன். மாதம் 99 ரூபாய். அது மூன்று வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது. 3,564 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. புதுப்பிக்கும்போது மாதம் 349. அதாவது 12,564, மறுபடியும் ஜிஎஸ்டி. வாடகை வீட்டில் முதல் மாதம் இலவசம் என்று சொல்லி, அடுத்த மாதத்திலிருந்து மூன்று பங்கு கேட்பது போல. முதல் வருஷ விலையை யாரும் பார்க்கவே வேண்டாம். புதுப்பிக்கும் விலைதான் விலை.

அங்கே மாறியபோதுதான் தமிழ் தளங்களுக்கே உரிய கூத்து நடந்தது. குறிப்புகள் எல்லாம் சேமிக்கப்பட்டிருந்த பழைய டேட்டாபேஸ், ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கான லத்தீன் குறியாக்கத்தில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. புது இடத்தில் இறக்கியதும் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் தலையில் கோடு போட்ட ‘ஏ’யாகவும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகச் சின்னமாகவும் மாறிவிட்டது. தம்பி பார்த்துவிட்டு, “அதிரசத்துக்கு அம்மா டிரேட்மார்க் வாங்கிட்டாங்களா?” என்றான். லத்தீன் என்று சொல்லியே மறுபடி டம்ப் (முழு நகல்) எடுத்து, கோப்பின் தலைப்பில் தமிழையும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி இறக்க இரண்டு ராத்திரி போனது. தளத்தின் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில், பழைய முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை முன்கூட்டியே 300 வினாடிக்குக் குறைத்து வைக்கவும் இல்லை. ஒரு நாள் பூராவும் பாதிப் பேர் பழைய சர்வருக்கே போய், அங்கே கருத்து எழுதிவிட்டு வந்தார்கள். அவை புதுத் தளத்துக்கு வரவே இல்லை.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பேக்கப் விஷயம். 2018 கடைசியில் ஒரு பழைய பிளகின் வழியாக யாரோ உள்ளே புகுந்து குறிப்புகளுக்கு நடுவே சூதாட்டச் சுட்டிகளைச் செருகிவிட்டார்கள். சரி, நேற்றைய பேக்கப்பைப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், கடைசி பேக்கப் ஐந்து மாதத்துக்கு முந்தையது. கேட்டதற்கு, கோப்புகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டினால் தானியங்கி பேக்கப் நின்றுவிடும், விதிமுறையில் இருக்கிறது என்றார்கள். இருந்தது. இடம் அளவில்லாதது, கோப்பு எண்ணிக்கைக்கு அளவு உண்டு. நான் ஏற்றும் ஒரு படத்துக்கு வேர்ட்பிரஸும் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமும் சேர்ந்து ஏழெட்டு அளவில் நகல் எடுக்கும். அதோடு மின்னஞ்சல் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பாமும் ஒரு தனிக் கோப்பு. என் கணக்கை நிரப்பியதில் பாதி, மாத்திரை விற்கிறவர்கள் அனுப்பிய கடிதங்கள்!

அந்த ஐந்து மாதத்தில் போட்டிருந்த நாற்பது குறிப்புகளில் பாதியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலிருந்து எடுத்தேன். மீதியை அம்மா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போனில் வாசிக்க, நான் அடித்தேன். “இதை எல்லாம் போன தடவையே சொன்னேனே” என்றார் மூன்று தடவை.

பேக்கப் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்துபோனது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால் இரண்டையும் சேர்த்து இழந்த வாடிக்கையாளர்கள் உண்டு. அன்றிலிருந்து என் நகல் வேறு நிறுவனத்தில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று.

மூன்றாவது, பெங்களூரில் சர்வர் இருந்த ஒரு விபிஎஸ், அதாவது நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர். வேகம் என்றால் அதுதான் வேகம். அமெரிக்க சர்வருக்கு இங்கிருந்து போய்வரவே கால் வினாடி ஆகும். பக்கத்திலிருந்தால் அந்தத் தாமதம் தெரிவதே இல்லை. ஆனால் விபிஎஸ்ஸில் வாட்ச்மேன், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் நாமேதான். பதிவுக் கோப்பு வீங்கி டிஸ்க் நிரம்பி, அதிகாலை இரண்டரை மணிக்கு டேட்டாபேஸை ஓட்டும் மைஎஸ்கியூஎல் படுத்துவிட்டபோது, ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். சமையல் குறிப்புக்கு இது தேவையா என்று தோன்றியது.

அதே சமயத்தில் டொமைனும் (தளத்தின் இணையப் பெயர்) காலை வாரியது. இரண்டாவது நிறுவனம் ‘இலவசமாக’த் தந்த டொமைன் அங்கேயே கிடந்தது, கார்டில் தானாகப் பணம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்ததும் அந்தத் தானியங்கிப் பிடித்தம் நின்றது. பணம் வரவில்லை என்று அவர்கள் அனுப்பிய கடிதம் போனது எங்கே? அதே டொமைனில் இருந்த மின்னஞ்சலுக்கு, அந்த ஸ்பாம் குப்பைக்குள். டொமைன் அணைந்ததும் அந்த அஞ்சலும் அணைந்துவிட்டது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியவனின் நிலை. சலுகைக் காலத்துக்குள் அம்மா போன் செய்ததால் சாதாரணக் கட்டணத்தோடு தப்பினேன். அதைத் தாண்டினால் மீட்புக் காலம், தண்டமும் சேர்த்துக் கட்ட வேண்டும். இப்போது டொமைன் ஒரு இடம், ஹோஸ்டிங் ஒரு இடம், தொடர்பு முகவரி ஜிமெயில்.

நாலாவதைத் தேடும்போது விளம்பரத்தைப் படிக்கவில்லை. ஐந்து நிறுவனங்களுக்கு, ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரே கேள்வியை அனுப்பினேன்: “நாளைக்கே நான் காலி செய்வதாக இருந்தால், முழு பேக்கப்பையும் உங்களைக் கேட்காமல் நானே இறக்கிக்கொள்ள முடியுமா? கோப்பு எண்ணிக்கை வரம்பு எவ்வளவு?” இரண்டு பேர் பதிலே தரவில்லை. இரண்டு பேர் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் எண்ணைச் சொல்லி, சர்வருக்குள் நேரடியாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக எடுக்கும் முறையையும் எழுதி, “தீபாவளிக்கு முன் சொல்லுங்கள், பிஎச்பி வரம்பை ஒரு வாரம் ஏற்றி வைக்கிறோம்” என்றார். கூட்டம் எப்போது வரும் என்று நான் சொல்லவில்லை. தளத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்.

அங்கேதான் நாலாவது வருஷமாக இருக்கிறேன். குறை இல்லாமல் இல்லை. விலை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. மின்னஞ்சல் சேவை சுமார், அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன். 99.9 சதவீதம் இயங்கும் என்கிறார்கள். கணக்குப் போட்டால் அதுவே வருஷத்தில் எட்டே முக்கால் மணி நேரம் சாத்திக்கிடக்கலாம் என்று அர்த்தம். போன வருஷம் ஒரு மதியம் நாற்பது நிமிடம் சாத்திக்கிடந்தது. நான் புகார் டிக்கெட் போடுமுன் அவர்களே காரணத்தை எழுதி அனுப்பியிருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல பேக்கப்பை இறக்கி, லேப்டாப்பில் விரித்துப் பார்த்தேன். எல்லாம் திறந்தது, இரண்டு படங்களைத் தவிர. இரண்டுமே ஆரம்ப நாட்களில் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைத்து ஏற்றியவை. ஜிப்பை விரிக்கும்போது பெயர் சிதைந்துவிடுகிறது. ஒன்று சீடை, ஒன்று மனோகரம். கோகுலாஷ்டமிக்குள் பெயரை மாற்றிவிட வேண்டும்.