கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை: சீலியாக்கா, ஒவ்வாமையா, உணர்திறனா?

ரொட்டி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, அடிக்கடி பேதியாகிறது, காரணமில்லாமல் சோர்வு என்று சொல்பவருக்கு உடனே கிடைக்கும் அறிவுரை, "குளூட்டனை நிறுத்திப் பாருங்கள்" என்பதுதான். குளூட்டன் என்பது கோதுமை போன்ற சில தானியங்களில் உள்ள புரதம். நிறுத்துவதற்கு முன்பு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். இந்தத் தொல்லைகளுக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம்.

மூன்றில் அதிகம் அஞ்ச வேண்டியது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களின் குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து தட்டையாகின்றன. உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை. வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாமல், மருந்துக்கு மசியாத இரும்புச்சத்துக் குறைவாகவோ எலும்புத் தேய்மானமாகவோ மட்டும் வெளிப்படுவதும் உண்டு. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேதான் 1940களில் கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவினார். இன்றும் ஒரே சிகிச்சை, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே விலக்குவது. 'குளூட்டன் இல்லாதது' என்ற முத்திரைக்கான சர்வதேச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு துணுக்கு ரொட்டியைக்கூட அலட்சியப்படுத்த முடியாது.

கோதுமை ஒவ்வாமை வேறு வகை. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் இவர்கள் விலக்க வேண்டியது கோதுமையை. பார்லியும் ரையும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

மூன்றாவது, சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன். குடல் சிதைவதில்லை, இதைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனையும் இல்லை. மற்ற இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகே இந்தப் பெயரைச் சொல்ல முடியும். அவர்கள் படும் வேதனை கற்பனையல்ல. ஆனால் பலருக்குக் காரணம் குளூட்டனே அல்ல, கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெங்காயத்திலும் பூண்டிலும்கூட அது உண்டு. அதனால்தான் ரொட்டியை விட்ட பிறகும் சிலருக்கு உப்புசம் தீர்வதில்லை.

பரிசோதனைக்கு முன்பே குளூட்டனை நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனை தேடும் எதிர்ப்பொருள் (குளூட்டனுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம்) குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, சீலியாக் நோய் இல்லை என்று தவறான முடிவு வரக்கூடும். ஏற்கெனவே நிறுத்தியவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மீண்டும் சாப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அது முடியாதவர்களுக்கு மரபணுப் பரிசோதனை ஓரளவு உதவும். டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு மரபணு வகைகளும் இல்லையென்றால் சீலியாக் நோயை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். இருந்தால் மட்டும் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. அவற்றைச் சுமக்கும் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வருவதே இல்லை.