என் பழைய ஷாஃப்டையே ஒட்டி 850 வெள்ளிக்கு எனக்கே விற்றார்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய காருக்கு கியர்பாக்ஸ் மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

அப்பா தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய டட்சன் 120ஒய் என்னிடம் இருக்கிறது. ஏ12 எஞ்சின், 1171 சிசி, 4 கியர். ஈப்போவுக்குப் போய்வர எஞ்சின் கதறுகிறதே என்று ஹாஃப்கட் கடையில் (பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் கடை) வேறொரு நிசானின் 5 கியர் பாக்ஸ் வாங்கினேன். எஞ்சினோடு கியர்பாக்ஸைச் சேர்க்கும் கூடான பெல் ஹவுசிங் எப்படியோ உட்கார்ந்துவிட்டது. கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு, அதாவது இன்புட் ஷாஃப்ட்தான் வம்பு. அதன் பல்வரிசை என் கிளட்ச் தட்டுக்குள் நுழையவில்லை. அதன் முன்முனையான மூக்கு, அதைத் தாங்க எஞ்சினின் கிராங்க் தண்டில் இருக்கும் பைலட் புஷ் வளையத்துக்குப் பெரிதாக இருந்தது.

லேத் பட்டறைக்காரர் பார்த்தார். "புது இரும்புல ஒரே துண்டா கடைஞ்சு, ஹார்டனிங் பண்ணித் தர்றேன் தம்பி. 850." பழைய கியர்பாக்ஸையும் கேட்டார். "அளவு பார்க்கணும், இங்கயே இருக்கட்டும்." அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அந்த ஷாஃப்டின் பின்முனையில் கியர் பல்லும் சேர்ந்தே இருக்கும். அதைப் புதிதாகச் செய்ய 850 வெள்ளி எந்த மூலைக்கு?

ஐந்து வாரம் ஓடியது. கோலகங்சார் சாலையில் சிக்னல் பச்சையானதும் கிளட்ச்சை விட்டேன். 'டக்'. எஞ்சின் உறுமுகிறது, கார் நகரவில்லை. பின்னால் செம்பனை லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது.

இறக்கிப் பார்த்தால் ஷாஃப்ட் இரண்டு துண்டு. உடைந்த முகத்தில் ஓரத்தில் மட்டும் வளையம்போல வெல்டிங். நடுவில் வெட்டிய கத்தியின் கோடுகள் அப்படியே இருந்தன. முன்பாதி என் பழைய 4 கியர் பாக்ஸிலிருந்து அறுத்தது! கேட்டதற்கு, "நீங்க கிளட்ச்ச வெடுக்குனு விட்டிருப்பீங்க" என்றார். ரசீதில் 'லேத் வேலை' என்று மட்டும்தான் இருந்தது.

இந்த ஷாஃப்டுக்கு மேல்தோல்தான் கடினம், உள்ளே மிருது. வெல்டிங் சூடு பட்டால் அந்தக் கடினம் போய்விடும், ஒட்டுக்குப் பக்கத்தில் விரிசல் விழும், நேர்க்கோடும் தவறும். பணம் கொடுக்குமுன் பல்லில்லாத இடத்தில் சின்ன அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் சரி. கடித்துத் தூள் விழுந்தால் வாங்காதீர்கள்.

உண்மையில் ஷாஃப்டைத் தொடவே வேண்டியதில்லை. வெளிவட்டம் என் பிரஷர் பிளேட்டுக்கும் (கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்) நடுப்பல் புது பாக்ஸுக்கும் பொருந்தும் கிளட்ச் தட்டு கிடைத்தது. கிராங்க் ஓட்டைக்கு வெண்கல புஷ் ஒன்று கடைந்தோம். உடைந்ததற்குப் பதிலாக ஹாஃப்கட் கடையில் இன்னொரு ஷாஃப்டும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 430 வெள்ளி. மூக்கு நீளம் கிராங்க் அடியில் முட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். முட்டினால் கிராங்கையே தள்ளிவிடும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போட்டிருக்கிறேன். உடைந்த இரண்டு துண்டும் வீட்டில் மைலோ டப்பாவில் இருக்கின்றன.