லேடிபக்கா, கேட் நுவாரா: முகமூடி யாரை அதிகம் மாற்றுகிறது?

2015-இல் தொடங்கிய ‘மிராக்குலஸ்’ கார்ட்டூன் பாரிஸில் நடக்கிறது. பேக்கரி வீட்டுப் பெண் மரினெட்டுக்கு கூடப் படிக்கும் ஏட்ரியனைக் கண்டாலே நாக்குக் குழறும். மந்திரக் காதணியால் லேடிபக் என்ற முகமூடி சூப்பர்ஹீரோ ஆனதும் அந்தத் தயக்கம் மறையும். ஆனால் ‘லக்கி சார்ம்’ என்ற அவள் சக்தி கொடுக்கும் சம்பந்தமில்லாத பொருளை வைத்து வழி கண்டுபிடிக்கிற மூளை மரினெட்டுடையதுதான்.

ஏட்ரியன் கதை வேறு. மாடலிங், பாடம், அப்பாவின் கெடுபிடி என்று அடங்கி வாழும் பையன், மோதிரத்தின் சக்தியால் கேட் நுவார் ஆனதும் கூரை கூரையாகத் தாவி வாய் ஓயாமல் கடிஜோக் அடிக்கிறான்! தொட்டதை அழிக்கும் ‘கேட்டக்ளிசம்’ அவனுடைய சக்தி. வில்லன் அனுப்பும் தீய வண்ணத்துப்பூச்சியைத் தூய்மையாக்குவது லேடிபக்தான் என்றாலும், முகமூடியால் பெரிதாக மாறுவது இவன்தான் என்பேன். ஏட்ரியனுக்காக உருகும் மரினெட், அவன்தான் கேட் நுவார் என்று தெரியாமல், ஆரம்ப சீசன்களில் கேட் நுவாரின் காதலை மறுத்துக்கொண்டே இருப்பது எனக்கு மனசு வலிக்கும்.