டிடி-17கேவிஎக்ஸ்: கிராஷுக்குப் பத்து நிமிடம், ஹை-ஹாட்டுக்கு ஒரு மாலை

ரோலண்ட் 2018-இல் கொண்டுவந்த டிடி-17 மின்னணு டிரம் கிட் வரிசையில் கேவி, கேவிஎக்ஸ் இரண்டுக்கும் மாட்யூல், அதாவது ஒலியை எழுப்பும் பெட்டி, ஒன்றுதான். ஸ்னேர், டாம் என்ற டிரம் பேடுகளும்கூட ஒன்றேதான். கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு சிம்பல்களுக்குப் போகிறது. கேவியில் ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல்) என்பது அசையாமல் நிற்கும் ஒரு சிஒய்-5 பேடும் தரையில் தனியாகக் கிடக்கும் எஃப்டி-9 பெடலும். கேவிஎக்ஸில் அந்த இடத்தில் விஎச்-10 இருக்கிறது. நிஜமான ஹை-ஹாட் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்து, காலோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். கூடவே 12 அங்குல சிஒய்-12சி கிராஷ் இரண்டு, 13 அங்குல சிஒய்-13ஆர் ரைடு ஒன்று.

அந்தப் பணத்துக்கு விஎச்-10 ஈடா? ஈடுதான், ஆனால் ஒழுங்காகப் பொருத்தினால் மட்டும். அவசரமாக மாட்டிய விஎச்-10-ஐவிட எஃப்டி-9 எவ்வளவோ தேவலை. "திறந்த சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது", "மூடினாலும் பாதி திறந்ததுபோல் கேட்கிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பொருத்தும்போது நேர்ந்த தவறுகள்தான்.

முதலில் எளிய வேலை, கிராஷ். ராக்கின் (கிட்டைத் தாங்கும் சட்டத்தின்) சிம்பல் கம்பியில் ஸ்டாப்பரைச் செருகி டிரம் கீயால் முடுக்கவும். அதன்மேல் சிம்பல், பிறகு ஃபெல்ட் வாஷர், கடைசியில் விங் நட். ஸ்டாப்பரை வேண்டாத உதிரி என்று பெட்டியிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் அடிக்க அடிக்கச் சிம்பல் சுற்றிக்கொண்டே போகும். அதனால் இரண்டு தொல்லை. கேபிள் கம்பியில் முறுக்கிக்கொள்ளும். அதைவிட மோசம், விளிம்பு சென்சார் உங்களைவிட்டு விலகிப்போகும். இந்தச் சிம்பல்களின் விளிம்பு சென்சார் முழு வட்டத்துக்கும் கிடையாது. ஜாக் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் உண்டு. எனவே ஜாக் உங்களுக்கு அப்பால் இருக்கவேண்டும். விளிம்பை விரலால் பிடித்து ஒலியை அறுப்பதும் (சோக்) சென்சார் உள்ள பக்கத்தில்தான் நடக்கும்.

விங் நட்டை முறுக்கி இறுக்கக் கூடாது. தட்டியதும் சிம்பல் ஆடி அடங்கவேண்டும். இறுக்கிவிட்டால் அடியின் அதிர்வு கம்பி வழியாக ராக் முழுக்கப் பரவும், மணிக்கட்டும் வலிக்கும். மிகத் தளர்ந்தால் சிம்பல் எழும்பி ஸ்டாப்பரின் பிடியிலிருந்து நழுவும். தட்டை உங்களை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். ஸ்டிக்கின் நுனி மேற்பரப்பிலும் அதன் தோள்பகுதி விளிம்பிலும் விழவேண்டும். நுனியால் விளிம்பைத் தொட்டுவிட்டு "எட்ஜ் சத்தம் வரவில்லை" என்பதில் பொருளில்லை.

கேபிள் கட்டாயம் ஸ்டீரியோ, அதாவது டிஆர்எஸ். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். மேற்பரப்பின் பியசோ (அதிர்வை உணரும் சென்சார்) ஒரு இழையிலும் விளிம்பின் சுவிட்ச் இன்னொரு இழையிலும் வருகின்றன. கிடாருக்குப் பயன்படுத்தும் மோனோ கேபிளைச் செருகினால் சுவிட்ச் இழை தரையிழையோடு சேர்ந்துவிடும். விளிம்பும் சோக்கும் ஒழுங்காக வேலை செய்யாது. கேபிளைக் கம்பியில் கட்டும்போது சிம்பல் முழுதாக ஆடுமளவு தளர்வு விடவும்.

ரைடைப் பொருத்தும் முறையும் அதேதான். ஜாக் மட்டும் இரண்டு: மேற்பரப்புக்கும் விளிம்புக்கும் சேர்த்து ஒன்று, பெல்லுக்கு (நடுவிலுள்ள மேட்டுக்கு) ஒன்று. பெல் கேபிளை மாட்ட மறந்தால் மற்ற இரண்டும் கேட்கும், பெல் கேட்காது. மாட்டிய பிறகும் பெல்லை நுனியால் தட்டினால் பதில் வராது. ஸ்டிக்கின் தோளால் உறுதியாக அடிக்கவேண்டும். இந்தக் கிட்டின் சிம்பல்களில் எனக்கு நிறைவு தராதது இது ஒன்றுதான். மெதுவான பெல் அடிகளுக்கு சிஒய்-13ஆர் ஏற்றதல்ல. சென்சிட்டிவிட்டியை ஏற்றிப் பார்க்கலாம், ஓரளவுக்குத்தான் பலன்.

இனி விஎச்-10. ஸ்டாண்ட் பெட்டியில் வராது, தனியாக வாங்கவேண்டும். கிக் பெடலும் அப்படியே. ஸ்டாண்ட் ஆட்டமில்லாமல், கம்பி நேராக, ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்றக்கூடியதாக இருந்தால் போதும். அதன் கிளச்சை, அதாவது மேல்தட்டைக் கம்பியில் பிடித்து நிறுத்தும் பாகத்தை, கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். விஎச்-10 தனக்கான கிளச்சோடு வருகிறது. ஸ்டாண்டின் கால்கள் ராக்கையோ கிக் பேடையோ தொடக் கூடாது. தொட்டால் கிக் அடிக்கும்போதெல்லாம் ஹை-ஹாட் தானாக ஒலிக்கும்.

கீழே உட்காரும் பகுதி மோஷன் சென்சார், மேலே ஏறி இறங்கும் பகுதி பேட். ஸ்டாண்டின் கிண்ணத்தில் சாய்வு திருகு இருந்தால் முதலில் அதைச் சமப்படுத்தவும். சென்சார் சாய்ந்திருந்தால் பேட் ஒரு பக்கமாகப் படியும், மூடிய நிலையை மாட்யூல் தவறாகப் படிக்கும். விஎச்-10-இலிருந்து இரண்டு கேபிள்கள் போகும்: அடிக்கு ஒன்று, கால் நிலைக்கு ஒன்று. முன்னது எச்எச், பின்னது எச்எச்சி என்று குறியிட்ட முனையில். இரண்டும் இடம் மாறினால் எதுவும் ஒழுங்காக வராது. எல்லா இணைப்பையும் மாட்யூல் அணைந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்த வரிசை முக்கியம். பேட் சென்சாரைத் தொடாமல் தூக்கி நிற்கும் நிலையில், பெடலில் கால் இல்லாமல், மாட்யூலை இயக்கவும். மாட்யூலில் பேட் வகைகளைக் குறிக்கும் டிரிகர் அமைப்பில் ஹை-ஹாட்டின் வகை விஎச்-10 என்று இருக்கிறதா பார்க்கவும். கேவியிலிருந்து மேம்படுத்துகிறவர்கள் பழைய சிஒய்-5 அமைப்பை அப்படியே விட்டுவிட்டுக் குழம்புவது இங்கேதான். பிறகு கிளச்சைத் தளர்த்தி, பேடை அதன் சொந்த எடையிலேயே சென்சார்மேல் உட்காரவிடவும். கையால் அழுத்தக் கூடாது. திரையில் ஹை-ஹாட் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் ஒரு மீட்டர் தெரியும். விஎச்-10-இல் சென்சாரைச் சீர்செய்ய உள்ள ஆஃப்செட் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மீட்டரில் கறுப்புப் புள்ளி வரும்போது நிறுத்தவும். கால் சுற்று திருப்பினாலே வேறுபாடு தெரியும்.

இப்போது பேடைத் தூக்கி கிளச்சை முடுக்கலாம். இடைவெளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இருந்தால் என் கணக்கில் சரி. ஆளுக்கு ஆள் மாறும். அதிகம் தூக்கினால் கால் நீண்ட தூரம் பயணிக்கவேண்டும், மூடும் அடி தாளத்தில் பின்தங்கும். மிகக் குறைத்தால் பாதித் திறப்பு என்ற நிலையே கிடைக்காது. ஸ்பிரிங்கையும் இங்கே பாருங்கள். இரண்டு வெண்கலத் தட்டுக்கு வைத்த இறுக்கம் இதற்குப் பொருந்தாமல் போகலாம்.

சோதிக்கும்போது வேகமாக அடித்துப் பயனில்லை. ஒரே அளவு அடியில் எட்டு எட்டாக அடித்துக்கொண்டே காலை மெல்ல இறக்குங்கள். ஒலி படிப்படியாக இறுகவேண்டும். ஓரிடத்தில் திடீரென்று தாவினால் ஆஃப்செட்டை மறுபடி பார்க்கவேண்டும்.

டாம் அடித்தால் கிராஷ் ஒலிக்கிறதா? மெனுவுக்கு ஓடுமுன் ராக் கிளாம்ப்களை முடுக்குங்கள், விங் நட்டைத் தளர்த்துங்கள், கேபிள் எதிலாவது உரசுகிறதா பாருங்கள். அதற்குப் பிறகும் இருந்தால், ஒரு பேடின் அடி இன்னொன்றை ஒலிக்கவைப்பதைத் தடுக்கும் கிராஸ்டாக் அளவை ஒவ்வொரு படியாக ஏற்றலாம். திரெஷோல்டை (ஒலி எழத் தேவையான குறைந்தபட்ச அடி அளவை) கண்மூடி ஏற்றினால் மெல்லிய அடிகள் காணாமல் போகும்.

கணினியில் டிரம் மென்பொருளோடு இணைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு அடிக்கும் மாட்யூல் மென்பொருளுக்கு அனுப்பும் மிடி எண்களில் ரோலண்டின் வழக்கமானவை: மூடிய ஹை-ஹாட் 42, திறந்தது 46, பெடல் 44, விளிம்பில் மூடியது 22, திறந்தது 26. ரைடு 51, பெல் 53, ரைடு விளிம்பு 59. காலின் நிலை மிடி கண்ட்ரோலர் 4 வழியாகப் போகும். ரோலண்டில் காலை அழுத்த அழுத்த எண் ஏறும். மென்பொருள் தலைகீழாக எதிர்பார்த்தால் மூடும்போது திறந்த ஒலி கேட்கும். அப்போது ஆஃப்செட் திருகைத் தொடாதீர்கள். மென்பொருளில் டிடி-17-க்கான மேப்பை (எண்களை ஒலிகளோடு பொருத்தும் பட்டியலை) தேர்ந்தெடுத்தாலே சரியாகிவிடும்.